எந்த சர்வோ வாங்குவது?

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்க வேண்டும். போனில் கூப்பிட்டால் "நல்லா இருக்கேன்க்கா" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க மாட்டாய் என்று நம்பி எழுதுகிறேன்.

நீ அரைகுறையாக விட்டுப்போன புது ரிமோட் விமானம் பின்னறையில் தொங்குகிறது. மூன்று மாதத்தில் மறுபடி போட்டி. ஓட்டுவது நான், கட்டுவதும் பொருள் பொறுக்குவதும் நீ என்று இத்தனை வருடம் ஓட்டிவிட்டேன். இப்போது சர்வோ வாங்கப் போய் முழி பிதுங்கி நிற்கிறேன். பக்கத்து வீட்டு அத்தை அது என்ன என்று கேட்டார். ரிமோட் சொல்கிறபடி இறக்கை மடலையும் வால் மடலையும் அசைக்கிற தீப்பெட்டி அளவு மோட்டார் என்றேன். "அத வாங்கவா இத்தனை நாளா அலையிற?" என்றார்.

கடைக்காரர் வேகம்தான் முக்கியம் என்கிறார். நம்மோடு கிளப்பில் விமானம் விடுகிற பல் டாக்டர், வேகம் கிடக்கட்டும், இழுக்கிற பலத்தைப் பார் என்கிறார். கிளப் செயலாளரோ, கோடு கிழித்த மாதிரி பறக்க வேண்டிய விமானத்துக்கு மடல் பிசகாமல் நடுவுக்குத் திரும்புவதுதான் கணக்கு, மற்றதெல்லாம் சும்மா என்கிறார். நன்றாகத் திரும்புவது கனமாக இருக்கிறது. கனமில்லாததற்குப் பலமில்லை. இரண்டும் சரியாக இருக்கிற ஒன்று, நீ வாலில் வெட்டி வைத்த ஓட்டைக்குள் நுழைய மாட்டேன் என்கிறது. தாளில் எழுதி, அடித்து, திரும்ப எழுதி, என் கையெழுத்தே எனக்குப் புரியாமல் போயிற்று.

முன்னாடி என்ன போட்டிருந்தீங்க என்று கடைக்காரர் கேட்டார். அதைப் பார்க்கத்தான் போன ஞாயிறு, போன போட்டியில் விழுந்த விமானத்தின் பெட்டியைத் திறந்தேன். போட்டியன்று மைதானத்தில் அத்தனை பேர் முன்னால் அப்பா, "இவன் பொறுக்கின லட்சணம்! சர்வோ பாதியில செத்துப்போச்சு" என்று கத்தினார். நீ எல்லாவற்றையும் வாரிக் கட்டி வைத்தாய். மறுவாரமே அந்தத் தூரத்து வேலைக்குப் போய்விட்டாய். நான்கு மாதமாகப் பெட்டியை யாரும் தொடவில்லை.

வால் சர்வோவுக்கு மின்சாரம் கொடுத்தேன். அது சாகவில்லை, தம்பி. இருபது முறை அசைத்தேன். இருபது முறையும் சொல்லி வைத்தாற்போல் நடுவுக்கு வந்து நின்றது. அப்படியானால் விமானம் ஏன் விழுந்தது? அதன் அச்சில் மாட்டி மடலை இழுக்கிற சின்னக் கை மட்டும் தனியாகக் கிடந்தது. கையைப் பிடித்து வைக்கும் திருகைக் காணோம். விழுந்த வேகத்தில் தெறித்திருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

மனம் தேறவில்லை. நம் மூக்குக்கண்ணாடிக் கடையில் கழற்றிய திருகைக் கண்ணாடிக் கூட்டின் மூடியில் போட்டு வைப்பது என் பழக்கம். போட்டிக்குக் கொண்டுபோன கூட்டைத் தேடி எடுத்துத் திறந்தேன். திருகு அதில் இருந்தது.

போட்டியன்று காலை நீ பேட்டரி எடுக்கப் போனாய். வால் மடல் மயிரிழை தூக்கி நிற்பதாக எனக்குப் பட்டது. சர்வோவின் கையைக் கழற்றி, அச்சில் ஒரு பல் தள்ளி மாட்டி அழுத்தினேன். அதற்குள் பறக்கவிட என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள். திருகைப் போடவில்லை, உன்னிடம் சொல்லவும் இல்லை. பறக்கிறபோது அந்தக் கை கழன்றுதான் விமானம் விழுந்திருக்கிறது. சத்தியமாக மறந்தே போனேன். நாள் முழுக்க அடுத்தவர் கண்ணாடிக்குத் திருகு முடுக்குகிறவள் நான். வெட்கமாக இருக்கிறது. நீ பேச்சு வாங்கியபோது பக்கத்திலேயே நின்றேனே, அதை நினைத்தால் அழுகை வருகிறது.

எட்டு நாளாக எழுதிக் கிழித்தேன். நேற்று அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என்னைத் திட்டுவார் என்று பார்த்தேன், திட்டவில்லை. "அவனுக்கு நானே எழுதுறேன்" என்று தாளும் பேனாவும் வாங்கிக்கொண்டார். ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து கடைக்குப் போய்விட்டார். தாளில் "அன்புள்ள மகனுக்கு" என்று மட்டும் இருக்கிறது. அதையும் இதோடு வைத்திருக்கிறேன்.

உன் கைவேலையில் ஒரு குறையும் இல்லை. என்னைத் திட்டியாவது நாலு வரி எழுது, எந்த சர்வோ வாங்குவது என்றும் அதில் சொல். அப்பாவுக்கு ஒரு வரி தனியாக எழுது.

என்றும் உன் நலம் வேண்டும்,
அக்கா