உன் தங்கை மேடையிலிருந்து குதித்தது பற்றி

என் பெரியவனுக்கு அம்மா எழுதுவது. இங்கே உன் தங்கையின் எலும்பு ஒன்றைத் தவிர எல்லோரும் நலம். அங்கே உன் எலும்பெல்லாம் இருக்கிற இடத்தில் இருக்கிறதா என்று அறிய ஆவல். நேற்று போனில் நீ போட்ட கூச்சலுக்கு அங்கேயே பதில் சொல்லியிருப்பேன், கடை நிறைய ஆட்கள், அதனால் எழுதுகிறேன், முழுசாகப் படித்துவிட்டு அப்புறம் கத்து.

முதலில் நீ அனுப்பிய இசைத்தட்டுகள். அந்த மூன்று பெண்கள் போட்டிருக்கும் பங்க் ராக் தட்டு அடி என்றால் அடி. ஒவ்வொரு பாட்டும் கன்னத்தில் ஓர் அறை, திருப்பி அடிக்கக் கை ஓங்குவதற்குள் அடுத்த அறை. டிரம்ஸ் அடிக்கிறவள் சம்மட்டி எடுத்து ரிம்மிலிருந்து டயரைப் பிரிக்கிற மாதிரி அடிக்கிறாள், கடையில் போட்டேன், பஞ்சர் ஒட்டுகிற பெரியவரே தலையை ஆட்டிக்கொண்டுதான் ஒட்டினார். இன்னொன்று, அந்தப் பெரும்புள்ளிகள் போட்டது, எனக்கு ஆகவில்லை. கோபம் எப்போதோ தீர்ந்துபோய்ச் சத்தம் மட்டும் மிச்சம். பழைய டயருக்குக் கறுப்பு மை பூசிப் புதிது என்று விற்க வருகிறவனை வாசலிலேயே திருப்பி அனுப்புகிறவள் நான், என்னிடமா?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உன் தங்கையின் குழு நம் டயர் குடோனில் பாடியது உனக்குத் தெரியும், டயர்களைச் சுவரோரம் அடுக்கி நானே இடம் ஒதுக்கிக் கொடுத்தேன். காவலுக்கு வெளியாள் எதற்கு என்று நம் லோடு ஆட்களையே நிறுத்தினேன், அவர்களுக்கு மேஸ்திரி நம் மலைதான், உன் தங்கையைத் தோளில் தூக்கி வளர்த்தவன். தப்பு அங்கேதான். கூட்டம் ஒருவரையொருவர் இடித்துத் தள்ளிக்கொண்டு ஆடுவதைப் பார்த்துவிட்டு, ‘என்னம்மா, இவனுங்களுக்குள்ள என்ன தகராறு’ என்று கேட்டான், தகராறு இல்லடா, சந்தோஷம் என்றேன், அவன் நம்பவில்லை. விழுந்தவனைப் பக்கத்தில் இருப்பவனே தூக்கிவிடுவான், பாடுகிறவள் மேடையிலிருந்து குதித்தால் எல்லோரும் கையை உயர்த்தித் தலைக்கு மேலே தாங்குவார்கள், அதுதான் அவர்கள் முறை. இதை யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. கடைசிப் பாட்டில் உன் தங்கை குதித்தாள், கைகள் தாங்கின, மலையின் கண்ணுக்குத் தெரிந்ததோ பெண்ணைப் பிடித்து இழுக்கிற கைகள். ‘பாப்பாவ விடுங்கடா’ என்று பாய்ந்தான். முதல் குத்து வேறொரு குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்கும் நெட்டையனுக்கு, மூக்கு உடைந்த சத்தம் ஸ்பீக்கரையும் மீறி எனக்குக் கேட்டது. அடுத்தவனுக்கு முன்பல் போயிற்று. மற்ற லோடு ஆட்களும் இறங்கினார்கள், தாங்கிய கைகளெல்லாம் முகத்தைக் காத்துக்கொள்ளக் கீழே போயின, அவள் சிமெண்ட் தரையில் பொத்தென்று விழுந்தாள். தோளுக்கும் கழுத்துக்கும் நடுவில் காறை எலும்பு இரண்டாக முறிந்தது. அப்புறம் கூட்டம் சும்மா இருக்குமா, மைக் ஸ்டாண்டால் மலையின் மண்டையைப் பிளந்தார்கள், டயர் அடுக்கு சரிந்தது, கீழே விழுந்தவர்களை மிதித்தார்கள், யாருடைய முழங்கையோ என் உதட்டைக் கிழித்தது, எப்படியோ புகுந்து போய் மெயின் சுவிட்சை இறக்கினேன்.

இதைக் கேட்டுவிட்டு நீ, ‘இனி மேடையே கிடையாதுன்னு சொல்லிடு, இல்லாட்டி நானே வந்து கூட்டிட்டுப் போறேன்’ என்கிறாய். தட்டில் கேட்டால் ரசிக்கிறாய், வீட்டில் ரத்தம் சிந்தினால் தடை போடுகிறாய், என்ன நியாயமடா இது? ஆனால் உனக்கு முன்னாலேயே அவளே சொல்லிவிட்டாள். கையைக் கழுத்தோடு சேர்த்துக் கட்டியிருக்க, ‘நம்ம இடத்துக்கு வந்தவங்கள நாமளே அடிச்சோம், இனி எவன் நம்பி வருவான், நான் பாடல’ என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். எலும்பு முறிந்தபோது அழாதவள் அதைச் சொல்லும்போது அழுதாள். எலும்பு கூடிவிடும், இது கூடாவிட்டால் என்ன செய்வது?

வாடிக்கைக்காரர் முறுக்கிக்கொண்டால் நாம்தான் அவர் வாசலுக்குப் போக வேண்டும். போன ஞாயிறு மத்தியானம் நெட்டையன் குழு ஒரு பழைய பட்டறையில் வாசித்தது, தலையில் தையலோடு மலையை இழுத்துக்கொண்டு போனேன், உன் தங்கையும் கட்டுப் போட்ட கையோடு பின்னால் வந்தாள். நுழைந்ததுமே அடையாளம் கண்டுவிட்டார்கள். ஒருத்தன் மலையின் சட்டையைப் பிடித்தான், ஒருத்தன் முட்டியால் விலாவில் இடித்தான், ஒருத்தி, ‘இன்னைக்கு யார் மூக்குடா’ என்று கேட்டு முகத்தில் துப்பினாள். அவன் கையைத் தூக்கவே இல்லை, ‘அடிங்க, தெரியாமப் பண்ணிட்டேன்’ என்று நின்றான். மேடையில் மூக்கில் பிளாஸ்திரியோடு நெட்டையன் வாசிப்பை நிறுத்தினான், ‘அவன விடுங்க, எல்லாரும் தள்ளி நில்லுங்க, டேய் தடியா, என்னப் பிடிடா பாக்கலாம்’ என்று மைக்கில் கத்தினான், கிட்டாரைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடிவந்து நேராக மலை மேல் பாய்ந்தான். சுற்றிலும் வேறு கை கிடையாது, விட்டால் தரைதான். லாரியிலிருந்து எறிகிற டயரை வாங்குகிறவன் மாதிரி முழங்காலை மடித்து, கையை விரித்து, மலை அவனை வாங்கினான். தையல் பிரிந்து ரத்தம் கழுத்தில் வழிந்தது, இறக்கவில்லை. பிறகு ஒவ்வொருவராக வந்து அவனோடு சேர்ந்து தாங்கக் கை கொடுத்தார்கள். அதற்கப்புறம் அவர்கள் வாசித்தார்களே ஒரு வாசிப்பு, நீ அனுப்பிய தட்டெல்லாம் அதற்கு உறை போடக் காணாது.

வரும் வழியில் உன் தங்கை வாயைத் திறந்தாள், ‘மலையண்ணே, நான் குதிச்சா பிடிப்பீங்களா’ என்றாள். அவ்வளவு பெரிய உடம்பு நடுரோட்டில் உட்கார்ந்து விசும்பியது. எலும்பு கூடியதும் நம் குடோனிலேயே பாடுகிறாள், நம் லோடு ஆட்கள் எல்லோரும் முன்வரிசை.

அதனால் நிறுத்தச் சொல்ல மாட்டேன். அவளைக் கூட்டிப் போவதற்கென்று வராதே, பாட்டுக் கேட்க வா. வேளைக்குச் சாப்பிடு, சத்தத்தைக் கூட்டி வைத்துக் காதைக் கெடுத்துக்கொள்ளாதே, நீயும் உன் தங்கையும் ஒரு குறையும் இல்லாமல் நீடூழி இருக்க வேண்டும். ஒன்று மட்டும் மறந்துவிடாதே, முன்வரிசையில் நிற்கிறவன் போன், பை எதுவும் பிடிக்கக் கூடாது, இரண்டு கையும் காலியாக வா.

இப்படிக்கு,
இன்னும் உதடு வீங்கியிருக்கும்
உன் அம்மா