லவ்னெஸ் அம்மாவின் குரல்

ஜூலை 8
குழந்தைப் பாதுகாப்புப் பயிற்சியில் எனக்கு ஒதுக்கிய வீடு, சந்தையில் கூவித் தக்காளி விற்கும் ஒருத்தியுடையது; மகள் லவ்னெஸின் பேரைச் சேர்த்து 'லவ்னெஸ் அம்மா' என்றே எல்லாரும் கூப்பிடுகிறார்கள். 'பிள்ளை கீழ விழுந்துட்டா' என்பதற்கு மேல் என்னிடம் இதுவரை பேசாதவள். இன்று கரி அடுப்பில் ன்ஷிமாக் களி கிண்டிக்கொண்டிருந்தவள், திடீரென்று தொடையில் ஓங்கித் தட்டினாள். "அம்மாடியோ! எந்த வாயால சொல்லுவேன்? சொன்னா அவன் என்னை அடிப்பான். சொல்லலன்னா என் பிள்ளை முதுகு சொல்லும்."

இரண்டாம் புருஷன். பெல்ட்.

திங்கட்கிழமை லவ்னெஸோடு எங்கள் பயிற்சி மையத்துக்கு வருகிறாள். பிள்ளையை ந்டோலா நகரத்தில் தன் தங்கை வீட்டில் விட ஏற்பாடு. "அதுவரைக்கும் உன் வாய்க்குள்ளயே இருக்கட்டும், மகளே" என்றாள்.

ஜூலை 11
பயிற்சிக்குப் பணம் தரும் வெளிநாட்டுக்காரர்கள் வந்திருந்தார்கள். ஒரு வீட்டுச் சந்திப்பை நடித்துக்காட்டச் சொன்னார் பயிற்சியாளர் மேடம் கட்டோங்கோ. எனக்குத் தாய் வேஷம். பேரை மாற்றினேன், ஊரை மாற்றினேன். விதி அவ்வளவுதானே?

தொடையில் தட்டி, "அம்மாடியோ! எந்த வாயால..." என்று இழுத்தேன். வகுப்பே குலுங்கியது. கூடப் படிக்கும் எக்ஸில்டாவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். "சிலேஷே, உனக்கு எதுக்குடி இந்த வேலை? டிவிக்குப் போ!" வெள்ளைக்காரர்கள் படம் எடுத்தார்கள். மத்தியானம் கோழி.

நல்ல நாள்.

ஜூலை 14
திங்கட்கிழமை. லவ்னெஸும் அம்மாவும் மையத்துக்கு வரவில்லை. நானே அவர்கள் வீட்டுக்குப் போனேன்.

தெருக்குழாயில் குடம் வைத்திருந்தவள் ஒருத்தி என்னைப் பார்த்ததும் தொடையில் தட்டினாள். "அம்மாடியோ! எந்த வாயால சொல்லுவேன்!" மற்றவர்கள் சிரித்தார்கள். அதே இழுப்பு. என் இழுப்பு.

எக்ஸில்டாவின் அத்தை வீடு இந்த வரிசையில்தான் இருக்கிறது. எனக்குத் தெரியாதே— தெரிந்திருந்தால் மட்டும்?

கதவு திறக்கவில்லை. உள்ளிருந்து குரல் மட்டும் வந்தது. "யாரு, நடிகையா? அவன் காதுக்கும் போயிருச்சு. போம்மா. இனிமே இந்த வீட்ல உனக்குக் கதை கிடையாது."

மகளே என்று சொல்லவில்லை.

ஜூலை 15
எக்ஸில்டாவைப் பிடித்து உலுக்கினேன். "நான் பேரே சொல்லலையேடி! சும்மா அத்தைக்கு நடிச்சுக் காட்டினேன்" என்றாள்.

நானும்தான் பேர் சொல்லவில்லை.

ஜூலை 16
அந்த வீடு என்ன ஆயிற்று என்று மேடம் கேட்டார். வாயில் முதலில் வந்தது: "தாய் ஒத்துழைக்கல, மேடம்."

"இந்தப் பொம்பளைங்களே இப்படித்தான்" என்றார். நானும் தலையாட்டினேன். ஆட்டினேனே! அவள் மேலேயே பழியைப் போட்டுவிட்டு வெளியே வந்து தேநீர் குடித்தேன். த்தூ.

ஆகஸ்ட் 20
'ரகசியம் காத்தல்' தேர்வு. வகுப்பில் முதலாவது நான்.

அக்டோபர் 6
சந்தை. லவ்னெஸ் அம்மாவின் தக்காளிக் குவியல் முன்னால் நின்றுவிட்டேன். வரிசைக்கே கேட்கும்படி கூவுகிறவள் வாயை மூடி உட்கார்ந்திருந்தாள். விலை கேட்டவர்களுக்கு விரலைக் காட்டினாள். கூவியது பக்கத்தில் நின்ற லவ்னெஸ். அம்மாவின் அதே ராகம். என்னைப் பார்த்ததும் அதுவும் நின்றது.

கல்லும் வெடிக்கிற அக்டோபர் வெயில். பிள்ளை உடம்பில் முழுக்கை ஸ்வெட்டர், கழுத்து வரை.

நேராக மேடத்தின் அறைக்குப் போனேன். "அந்தத் தாய் ஒத்துழைச்சா மேடம். நான்தான் அவளைக் கூத்தாக்கினேன். இன்னைக்கே வேற யாரையாவது அனுப்புங்க. அவ பேச்சைக் கேட்டுச் சிரிக்காத யாராவது."

"அந்த வகுப்பில் நானும்தான் சிரிச்சேன்" என்றார் மேடம். தொலைபேசியைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். "இப்ப சொல்றே. உனக்குச் சான்றிதழ் வராது, தெரியுமில்ல?"

தெரியும்.

அக்டோபர் 10
வெளியூரிலிருந்து ஒரு ஊழியர் வந்து பேசினாராம். லவ்னெஸ் ந்டோலா போய்விட்டாள்.

சாயங்காலம் சந்தைக்குப் போய், மீன்காரர்களுக்குப் பின்னால் மறைந்து நின்று கேட்டேன். வெங்காயக்காரி கூவினாள், கருவாட்டுக்காரன் கூவினான். தக்காளிக் குவியலுக்குப் பின்னால் அவள் உட்கார்ந்துதான் இருந்தாள்; அந்தப் பக்கமிருந்து ஒரு சத்தமும் இல்லை.