குறையை முதலில் சொல்வது

புரட்டாசி 28, செவ்வாய்

மழை விட்டுவிட்டது. வெயில் தகரக் கூரையில் இறங்குகிறது. இது மும்பையில் மோனோ ரயிலை நிறுத்திவைத்த வருஷம். எங்கள் தாராவிச் சந்தை இடித்துக் கட்டப்போவதாகச் சர்வேக்காரர்கள் வீட்டுச் சுவர்களில் நம்பர் எழுதிப் போனதற்குப் பிந்திய மழை. எழுதத் தெரியாதவன் வருஷத்தை இப்படித்தான் வைத்துக்கொள்ள வேண்டும். இப்போது நான் பேசுகிறேன், போன் எழுதிக்கொள்கிறது. எதிர்வீட்டு எஸ்தர் செய்துகொடுத்த ஏற்பாடு. "யாரும் பாக்க மாட்டாவ தாத்தா, மனசுல உள்ளதப் பேசுங்க" என்றாள்.

சீனி தீர்ந்தது. பல்செட் கழுவியாயிற்று.

பத்து மணிவாக்கில் ஒரு பொம்பளை போன். இந்தி. குர்லாவில் ஆஸ்பத்திரி பில் போடும் ஆபீசில் எஸ்தருக்கு வேலை முடிவாகியிருக்கிறது, தீபாவளி கழிந்து சேர வேண்டும், அதற்கு முன்னால் அக்கம்பக்கத்தில் விசாரணை. என் பேரை எஸ்தர்தான் கொடுத்தாளாம். பெண் எப்படி என்று கேட்டாள்.

எனக்கு இது புதிதா? தோல் கம்பெனியில் இருந்த காலத்தில் ஊரிலிருந்து வந்த எத்தனை பேருக்கு ஜாமீன் நின்றிருக்கிறேன். மேஸ்திரி முதலில் கேட்பது, "இவன்கிட்ட என்ன குறை?" ஒன்றும் இல்லை என்றால் இரண்டு பேரையும் விரட்டிவிடுவார். ஒரு குறையைச் சொல்லிவிட்டு, அப்புறம் "நான் நிக்கேன்" என்று சொன்னால்தான் நம்புவார்.

அப்படியே சொன்னேன். முன்கோபக்காரி. செம்பூரில் ஒரு கம்பெனியில் மூன்றே வாரம் இருந்தாள், ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் டிபன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். அடுத்ததைச் சொல்ல வாயெடுத்தேன். "தேங்க்யூ அங்கிள்." வைத்துவிட்டாள்.

இருந்தாலும் மனசில் ஒரு தெம்பு. இன்னும் என்னிடம் வந்து கேட்கிறார்கள்.

புரட்டாசி 29, புதன்

புழுக்கம். சாயங்காலம் எஸ்தர் வாசலில். செருப்பைக் கழற்றவில்லை.

"தாத்தா, போன்ல என்ன சொன்னிய?"

"உள்ளதச் சொன்னேன்."

"அந்தச் செம்பூர் வேலய நான் எங்கயுமே எழுதல. இப்பம் மறச்சிட்டேன்னு வேலய ஹோல்டுல போட்டிருக்காவ."

பின்னால் அவள் அம்மா செல்வராணி, தலையில் இட்லி விற்றுவந்த காலிப் பானை. "மாமா, ஒங்களுக்குப் பல்செட்டு கட்டுனதே தப்பு."

முட்டி தேய்ந்தவள். இந்த வேலை வந்ததும் பானையை இறக்கிவிடுவதாகச் சந்து முழுக்கச் சொல்லிவைத்திருந்தாள்.

எனக்கும் ரோஷம். "சொல்லாமக் கொள்ளாம வரலாமாளா? சேத்துவிட்டவன் முகத்த நெனைக்க வேண்டாமா?"

"என்ன யாரு தாத்தா சேத்துவிட்டா? ஆன்லைன்ல போட்டேன், கூப்பிட்டான். ஆறு மணிக்கு முடியுத வேலைக்கு ஒம்பது வரைக்கும் இருன்னான். ஏன்னு கேட்டதுக்கு எல்லாரு முன்னாலயும் தாராவிக்காரி புத்தின்னான். அங்க யாருகிட்டச் சொல்லிட்டு வரணும்?"

ராத்திரிச் சோற்றை மூடி வைத்துவிட்டேன்.

புரட்டாசி 30, வியாழன்

விசாரித்த பொம்பளையின் நம்பருக்குத் திரும்பத் திரும்ப அடித்தேன். மிஷின்தான் பேசுகிறது. மிஷினிடம் என்ன சொல்ல.

முட்டிக்கு எண்ணெய். படுத்துக்கொண்டு பழைய ஆட்கள் நினைப்பு. நான் மேஸ்திரியிடம் சொன்ன குறை ஒவ்வொன்றும் ஞாபகம் இருக்கிறது. தங்கப்பாண்டி, சம்பள நாளில் மட்டும் குடி. சேவியர், பொய், ஆனால் சின்னப் பொய். பரமசிவம், தூக்கம்.

ஒருத்தனும் சொல்லாமல் போனதில்லை. எங்களுக்கு அது பெருமை.

பரமசிவம் ஒரு மழைக்காலம் முழுக்க இருமிக்கொண்டே தோல் ஊறும் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கினான். ரெண்டு நாள் படுலே என்றேன். "நீரு நின்னு சேத்துவிட்ட வேல. லீவு போட்டா ஒம்ம பேருல்லா கெடும்" என்றான். தீபாவளிக்கு அவன் இல்லை.

டிபன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு போயிருக்கலாம் அவன்.

புரட்டாசி 31, வெள்ளி

எஸ்தர் பேசவில்லை. ஆனால் வந்து என் போனை சார்ஜில் போட்டுவிட்டுப் போனாள்.

எதிர்வீட்டில் சத்தம். ஆபீசுக்கு அவளே எழுதிவிட்டாளாம். செம்பூரில் இருந்தேன், மூன்று வாரம், இன்ன காரணத்துக்கு விட்டு வந்தேன் என்று.

"மன்னிப்பு கேட்டு எழுதுனியா?"

"எழுதாம விட்டதுக்குக் கேட்டேன். வந்ததுக்கு எதுக்கும்மா கேக்கணும்?"

மத்தியானம் என் போன். அந்த ஆபீஸ் மேடமே. முன்பு விசாரித்தவள் இல்லை, வேறு குரல். எஸ்தர் எழுதியது நிஜமா என்று இந்தியில் கேட்டாள். நிஜம் என்றேன். அன்றைக்குப் பாதிதான் சொன்னேன் மேடம், மீதியையும் கேளுங்கள் என்றேன். கோபக்காரிதான், காரணமில்லாமல் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. கொரோனாவில் என் வாசலுக்கு யாரும் வராதபோது கஞ்சி கொண்டுவந்து வைத்தவள். நான் நிற்கிறேன். ஓடிப்போனால் என் வீட்டுச் சுவரில் நம்பர் இருக்கிறது, வந்து என்னைப் பிடியுங்கள்.

சிரித்தாள். "உங்களுக்கு யார் ஜாமீன் அங்கிள்?" என்றாள். பதிலுக்கு முன்னால் யாரோ அவளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

இந்த ஊரில் ஒருத்தரும் என்னை முழுசாகப் பேச விடமாட்டார்கள்.

ஐப்பசி 1, சனி

காலையிலேயே பட்டாசு. சீனி வாங்கியாயிற்று.

எஸ்தருக்கு மெசேஜ் வந்துவிட்டது. தீபாவளி கழிந்து சேரலாம். மூன்று மாசம் பார்ப்பார்களாம். பார்க்கட்டும். "நானும்தான் அவியள மூணு மாசம் பாப்பேன்" என்கிறாள். சரிதான்.

செல்வராணி இட்லி கொண்டுவந்து வைத்தாள். சட்னி மட்டும். சாம்பார் இல்லை. அவ்வளவு கோபம் பாக்கி.

எஸ்தர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தாள். மேடம் கேட்டதைச் சொன்னேன்.

"நெசமாவே ஒங்களுக்கு யாரு தாத்தா நின்னா?"

"ஆசீர்வாதம் அண்ணன்."

"என்ன குறை சொன்னாவ?"

சொல்லத்தான் வேண்டியிருந்தது. "பய நல்லவன், வாய் மட்டும் அடங்காதுன்னு."

அவள் சிரித்த சிரிப்பில் செல்வராணி எட்டிப் பார்த்தாள். "அவ்வளவு வருசத்துக்கு முந்தியே கண்டுபிடிச்சிட்டாவளா! அவிய இருக்காவளா இப்பம்?"

மேஸ்திரி இல்லை. பரமசிவம் இல்லை. தங்கப்பாண்டி, சேவியர் இல்லை. அந்தத் தொட்டிகளில் இறங்கினவர்களில் என்னை விட்டால் உல்லாஸ்நகரில் மகள் வீட்டில், காது கேட்காமல், ஆசீர்வாதம் அண்ணன் ஒருத்தர்தான் மிச்சம்.