நடேசன் துறையும் காலேஜ் மதகும்

தண்ணியைக் கண்டு பயப்படாத எங்கப்பாவுக்கு,

நீங்க போய் ரெண்டு ஆடி வந்துட்டுப் போயிடுச்சு. ஊர்ச் சேதி சொல்றேன்னு எத்தனையோ தடவை எழுத உட்கார்ந்து கிழிச்சுப் போட்டுட்டேன். இந்தத் தடவை கிழிக்கிறதா இல்லை. நம்ம ஊர் ஆளுங்களும் படிக்கட்டும். பாதி அவங்களுக்கே தெரியும், மீதியும் தெரிஞ்சா என்ன குடி முழுகிடும்?

காவேரி அங்கேயேதான் ஓடுது. ஆத்தங்கரைப் பிள்ளையாருக்கு இந்த வருசமும் கழுத்து வரைக்கும் தண்ணி. கழுத்தைத் தாண்டினா மூட்டையைக் கட்டுன்னு சொல்லுவீங்களே, தாண்டலை. தோட்டம் இருக்கு. அம்மா இருக்கு. நான் இருக்கேன், அதுதான் பிரச்சினை.

வெளியூர்க்காரங்க படிச்சா புரியணும்ல, அதனால இதைச் சொல்லிடறேன். நம்ம ஊர்ல ராஜா பேரு, சாமி பேருன்னு எந்த எடத்துக்கும் கிடையாது. எவனாவது எதையாவது பண்ணித் தொலைச்சா அதுதான் பேரு. கல்யாணத்துக்கு வந்த தவில்காரர் தவிலோட உருண்டு விழுந்தாரு, அது தவில்காரர் பள்ளம். ரெண்டு சம்பந்தி அப்பளத்துக்காகக் கட்டிப் புரண்டாங்க, அது சம்பந்தி ஆலமரம். அவங்க பேரப் புள்ளைங்களே இன்னிக்கு அந்த மரத்தடியில சீட்டாடுதுங்க, வெக்கமே இல்லாம. ஒட்டினா ஒட்டினதுதான். பஞ்சாயத்துல போர்டு எழுதி வச்சாலும் மாறாது.

உங்களுக்கு ஒட்டினது நல்ல பேரு. அந்தப் பெரிய வெள்ளத்துல பரிசல்காரரே பரிசலைக் கவுத்துப் போட்டுட்டு மேட்டுல உட்கார்ந்துட்டாரு. நீங்க நம்ம தோட்டத்து வாழையை வெட்டித் தெப்பம் கட்டினீங்க. "குலை தள்ளின மரங்க, கண்ணு தெரியலையா?"ன்னு அம்மா கத்துச்சு. "மரம் மறுபடி வரும்டி, நீ கயித்தைப் புடி"ன்னீங்க. ஆத்து நடுத் திட்டுல மாட்டிக்கிட்டவங்களை எல்லாம் கொண்டுவந்து கரையில எறக்கினீங்க. கடைசியா ஒரு கன்னுக்குட்டி. அன்னியிலேருந்து அது நடேசன் துறை. அதுக்கு முன்னாடி என்ன பேருன்னு ஒருத்தருக்கும் ஞாபகம் இல்லை.

அப்புறம் ரோட்டுல பஸ் வந்துச்சு. துறைக்குப் போற பாதை வாய்க்கால் மதகுகிட்டதானே பிரியுது, அங்கேயே ஸ்டாப். "நடேசன் துறை எறங்கு!"ன்னு கண்டக்டர் கூவினா, சின்னப் புள்ளையில நான் பக்கத்துல இருக்கிறவங்களை இடிச்சு, "எங்கப்பா"ன்னு சொல்லுவேன். யாரு என்னன்னு தெரியாதவங்ககிட்டக்கூட.

அந்த பஸ்ஸுலதான் என்னைக் காலேஜுக்கு அனுப்பினீங்க. பி.யு.சி. எனக்குப் புடிக்கலை. காரணம் சொல்லணும்னா நாலு சொல்லலாம், எல்லாம் பொய்யாத்தான் இருக்கும். ஒரு எடத்துல உட்கார முடியலை, அவ்வளவுதான். நீங்க இருந்திருந்தா ஒரு அறை குடுத்துத் தோட்டத்துல எறக்கியிருப்பீங்க. நீங்க போயிட்டீங்க. அம்மாகிட்டச் சொல்ல வாய் வரலை.

தினம் காலையில புஸ்தகம், தூக்குவாளி எல்லாம் எடுத்துக்கிட்டு ஸ்டாப்புக்கு வருவேன். பஸ் வரும், போகும். நான் மதகுக்கு அடியில எறங்கி, ஓரத்துக் கல்லு மேல படுத்துக்குவேன். தண்ணி காலை நனைக்கும். சாயங்கால பஸ் மேல போற சத்தம் கேட்டதும் ஏறி, களைச்ச மூஞ்சியோட வீட்டுக்கு நடப்பேன். அம்மா சுடுதண்ணி போட்டு வச்சிருக்கும். "ரொம்பப் படிக்கச் சொல்றாங்களாடா?"ன்னு கேக்கும்.

ஆட்டைத் தேடிக்கிட்டு வந்த செல்லாயி அக்கா ஒரு நாள் எட்டிப் பார்த்துடுச்சு. "ஏந்தம்பி, இங்க எந்தக் கிளாஸு நடக்குது? என் ஆட்டையும் சேத்துக்குவீங்களா?"

சாயங்காலத்துக்குள்ள அம்மா காது வரைக்கும் போய், ஊர் பூரா பேரு வச்சாச்சு. காலேஜ் மதகு.

சரி, ரெண்டு மாசம் சிரிச்சுட்டு விட்டுடுவாங்கன்னு நெனச்சேன். மறந்துட்டேன் பாருங்க, இது நம்ம ஊரு. புதுசா வந்த கண்டக்டர் தங்கராசு பெட்டவாய்த்தலைக்காரர். அவர் காதுல முதல்ல விழுந்ததே இந்தப் பேருதான். அவர் கூவ, மத்த பஸ்ஸுக்காரங்களும் கூவ, நடேசன் துறைன்னு ஒரு ஸ்டாப்பே ரோட்டுல இல்லாமப் போயிடுச்சு. வெள்ளத்துல எறங்கி வாங்கின பேரைப்பா. நான் படுத்துக்கிட்டே அழிச்சுட்டேன்.

இப்ப அந்த பஸ்ஸுல நான் கிளீனர். அம்மாகிட்ட வேலை கிடைச்சிருக்குன்னு மட்டும் சொன்னேன், என்ன வேலைன்னு சொல்லலை. முதல் நாள் மத்தியானம் திருச்சி மெயின்கார்டு கேட்டுல அம்மா ஏறுச்சு. காந்தி மார்க்கெட்டுல நம்ம தோட்டத்து வாழை இலைக்கட்டைப் போட்டுட்டு, வெறும் சாக்கை மடிச்சு இடுப்புல வச்சுக்கிட்டு. என் காக்கிச் சட்டையைப் பார்த்துச்சு. கையில இருந்த எண்ணெய்த் துணியைப் பார்த்துச்சு. போய் ஜன்னலோரமா உட்கார்ந்துச்சு. நம்ம ஊர் ஆளு வேற யாரும் பஸ்ஸுல இல்லை.

"எங்கேம்மா?"ன்னாரு தங்கராசு.

"நடேசன் துறை."

"தினம் இதே சண்டையா? அப்படி ஒரு ஸ்டாப்பே இல்லைம்மா. காலேஜ் மதகுன்னு சொல்லேன், வாயில முத்தா உதிர்ந்துடும்?"

"அந்த எடம் எனக்குத் தெரியாது."

"அப்ப அடுத்த ஸ்டாப்புக்குக் கிழிக்கிறேன். நடந்து வா."

"கிழிங்க."

எனக்கு அப்பத்தான் தெரிஞ்சுச்சு. இத்தனை நாளா அம்மா வெயில்ல திரும்பி நடந்து வந்திருக்கு. நான் வீட்டுல படுத்துக்கிட்டு, பஸ் லேட்டு போலன்னு நெனச்சிருக்கேன்.

வாயைத் தொறந்தேனா? இல்லை. பக்கத்து சீட்டுப் பெரியவர், "அதென்னங்க காலேஜ் மதகு?"ன்னு கேட்டாரு. "எவனோ ஒரு தறுதலை மதகுக்கு அடியிலேயே படிச்சுப் பட்டம் வாங்கினானாம்"ன்னாரு தங்கராசு. பஸ்ஸே சிரிச்சுச்சு. அப்பா, நானும் சிரிச்சேன். நான்தான்னு யாரும் கண்டுபுடிச்சுடக் கூடாதுன்னு எல்லாரையும் விடச் சத்தமாச் சிரிச்சேன். "டேய், கூவுடா, ஸ்டாப் வருது"ன்னாரு. "காலேஜ் மதகு எறங்கு!"ன்னு நானே கூவினேன். அம்மா ஜன்னலுக்கு வெளியே வாய்க்காலைப் பார்த்துக்கிட்டு இருந்துச்சு.

அன்னிக்கு ராத்திரி சோறு போடும்போது கேட்டேன். "ஏம்மா அங்கேயே எறங்கலை?"

"நான் எறங்குற எடம் வரலை"ன்னுச்சு. ரசம் ஊத்துச்சு. காலெல்லாம் புழுதி.

அப்புறம் கொஞ்ச நாள் அந்த ஸ்டாப் வந்தா நான் படிக்கட்டுல தொங்கிக்கிட்டு இருமுவேன். கூவ மாட்டேன். இருமினா யாரு எறங்குவாங்க? தங்கராசுகிட்டத் திட்டு வாங்கினேன். அம்மா தினம் அடுத்த ஸ்டாப்புல எறங்கி நடந்துச்சு. நீங்க இதையெல்லாம் எங்கேயாவது உட்கார்ந்து பாக்குறீங்களா? பார்த்தா என்னை என்னன்னு சொல்லுவீங்க?

நேத்து பஸ்ஸுல நல்ல கூட்டம். செல்லாயி அக்காவும் இருந்துச்சு. சம்பந்தி ஆலமரம் தெரிஞ்சதும் படிக்கட்டுக் கம்பியைப் புடிச்சுக்கிட்டேன். கண்ணை மூடிக்கிட்டுக் கூவிட்டேன்.

"நடேசன் துறை! நடேசன் துறை எறங்கு!"

யாரும் எழுந்திருக்கலை. "எந்தத் துறை தம்பி?"ன்னு செல்லாயி அக்காவே கேட்டுச்சு.

"யாருடா அது நடேசன்?"ன்னாரு தங்கராசு.

"எங்கப்பா."

"அப்ப மதகு?"

"அது நான்."

யாரும் சிரிக்கலை. சிரிச்சிருந்தா தேவலை. தங்கராசு என்னை ஒரு பார்வை பார்த்துட்டு "ஹோல்டான்"னாரு. பஸ் நின்னுச்சு. மூணாவது சீட்டுலேருந்து ஒரே ஒரு ஆளு எழுந்துச்சு.

"ஏம்மா, உனக்கு அடுத்த ஸ்டாப்புக்குல்ல டிக்கெட்டு?"

"என் எடம் வந்துடுச்சுங்க."

சாக்கை இடுப்புல சொருகிக்கிட்டு அம்மா வந்துச்சு. படிக்கட்டுல எறங்கும்போது என் மூஞ்சியைக்கூடப் பாக்கலை.

"சத்தம் பத்தலை"ன்னுச்சு. எறங்கி, துறைப் பாதையில நடந்து போச்சு.

இன்னிக்குக் காலையிலகூடத் தங்கராசு பழக்கத்துல "காலேஜ் மதகு"ன்னுதான் கூவினாரு. அப்புறம் நாக்கைக் கடிச்சுக்கிட்டாரு. நம்ம ஊரை எனக்குத் தெரியும்பா. என் பேரு போகாது. அது எனக்கு வேணும்தான், கிடக்கட்டும். ஆனா இந்தப் படிக்கட்டுல நான் நிக்கிற வரைக்கும், போகும்போதும் வரும்போதும் உங்க பேரைத்தான் முதல்ல கூவுவேன். எறங்க ஆள் இருந்தாலும் சரி, இல்லாட்டியும் சரி. அம்மா காதுல சத்தம் பத்துற வரைக்கும்.

இப்படிக்கு,
உங்க ஒரே மகன்,
காலேஜ் மதகு பாலு