குண்டன் உன்னிடம் வந்துவிட்டான்

அன்பு மகளுக்கு,

இங்கே நானும் உன் அப்பாவும் நலம். நீ நலமா என்று கேட்கவே வேண்டாம், உனக்கென்ன, குண்டனே உன்னிடம் வந்துவிட்டான். எனக்கு வயிறு எரிகிறது என்று வெளிப்படையாகவே எழுதுகிறேன், பெற்ற மகளைப் பார்த்தா இப்படி என்று அப்பா தலையில் அடித்துக்கொள்கிறார், அடித்துக்கொள்ளட்டும். கல்யாணமான நாளிலிருந்து அவரைப் பார்த்ததைவிட குண்டன் என்று நான் பேர் வைத்த அந்த டிடெக்டர் பீப்பாயைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். அணு உலையிலிருந்து வரும் நியூட்ரான் உலோகத்தில் பட்டு எந்தப் பக்கம் எவ்வளவு சிதறுகிறது என்று, அவன் அடியில் காற்றைப் பாய்ச்சி மிதக்கவிட்டு வழவழத் தரையில் நகர்த்தி நகர்த்தி எண்ணியே என் தலை நரைத்தது. அவ்வளவு கனத்தையும் ஒற்றைக் கையால் தள்ளுவேன்.

நிலநடுக்கம் வந்தால் குண்டன் வழுக்கிப்போய் உலைச் சுவரில் மோதுவான் என்று பாதுகாப்புக் குழு சொன்னது நியாயம்தான். தரையோடு போல்ட் போடச் சொன்னார்கள். நகராவிட்டால் அவன் எதற்கு? கத்தினேன், சண்டை போட்டேன், வேறு வழி மட்டும் சொல்லவில்லை. நீ சொன்னாய். தரை அதிர்ந்ததுமே காற்று தானாக நிற்கட்டும், தன் கனத்திலேயே உட்கார்ந்துவிடுவான், மீறி வழுக்கினால் தடுக்கச் சுற்றிலும் இரும்புச் சட்டம். இவ்வளவுதான்! எனக்கு ஏனடி இது தோன்றவில்லை? எங்கள் பழைய கட்டடத்தில் அந்தச் சட்டம் வைக்க இடமில்லை, உங்க பொண்ணு கெட்டிக்காரிங்க, அவங்க உலைக்கே அனுப்பிடலாம் என்று டைரக்டர் சிரித்துக்கொண்டே பெட்டி கட்டிவிட்டார். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

போன வாரம் நீ போனில், அம்மா, அளவு ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தள்ளித் தள்ளி வருது, முதல் சோதனையே சொதப்பிடும் போல, உனக்கு ஏதாவது தெரியுமா என்று கேட்டாய். அடுப்பில் பால் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றுமில்லை. எனக்கு மட்டும் தெரிந்த ஒன்றையாவது நான் வைத்துக்கொள்ளக் கூடாதா என்றிருந்தது. அவ தோத்தா உனக்கு சந்தோஷமா என்று அப்பா கேட்டார், அன்று முழுக்க அவரோடு பேசவில்லை. பழுது என்று நீங்கள் அவனை ஓரங்கட்டிவிட்டால் என்ன செய்வேன் என்று அப்புறம்தான் உறைத்தது.

அப்பாவுக்கு முட்டிவலி பரவாயில்லை. உன் தம்பி மறுபடியும் வேலை மாறிவிட்டான், கேட்டால் கோபம் வருகிறது. நீ வேளைக்குச் சாப்பிடு. கட்டில் பக்கத்து அலமாரியைச் சுவரோடு போல்ட் போட்டு வை, நிலநடுக்கம் உலைக்கு மட்டுமா வரும்?

நீ நன்றாக இருக்க வேண்டும், என்னைவிட நன்றாக. எழுதும்போதே எரிகிறது, இருந்தாலும் இரு.

மறந்துவிடாதே: குண்டனைத் திருப்பும் பல்சக்கரம் தேய்ந்தது, அளவு தள்ளித் தள்ளி வருவது அதனால்தான். எந்தக் கோணத்துக்கும் கொஞ்சம் தாண்டவிட்டு, எப்போதும் இடப்பக்கமாகவே திருப்பிக் கொண்டுவந்து நிறுத்து. காற்றை நிறுத்தி, அவன் அசையாமல் உட்கார்ந்த பிறகு எண்ணு. அளவு சரியாக வந்ததும் முதலில் எனக்குச் சொல். என்னிடம் இருந்ததைவிட உன்னிடம் ஒழுங்காக நடந்துகொள்கிறான் என்றால், அதை மட்டும் சொல்லாதே.

உன் அம்மா