நாற்றங்கால் உப்பு

பான் நோன் சாட்
சோங்க்ரான் புத்தாண்டு கழிந்த மறுவாரம்

பேத்தி கேஸோனுக்கு அம்மாச்சி புவாலாய் எழுதிக்கொள்வது. நான் உயிரோடுதான் இருக்கிறேன். நீயும் அந்தக் கொரியாக் குளிரில் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். நாலாம் வகுப்புக் கையெழுத்து, கோணலாகத்தான் வரும். பொறுத்துப் படி.

நீ போன் பண்ணிக்கொண்டே இருப்பது தெரியும். அரிசிப் பானைக்குள்ளிருந்து மணி கேட்கிறது. போனை அதற்குள் போட்டு மூடிவிட்டேன். சோங்க்ரானுக்கு என் கையில் தண்ணீர் ஊற்றி ஆசி வாங்க நீ வரவில்லை என்ற கோபம் என்று ஊரில் பேசுகிறார்கள். பேசட்டும். அதற்கெல்லாம் கோபித்துக்கொள்கிறவள் இல்லை நான்.

மாசியில் கோயிலில் பெரிய பிரசங்கம் நடந்தது. எல்லாவற்றையும் தானம் கொடுத்த அந்த இளவரசன் கதையை, பதின்மூன்று அத்தியாயமும் ஒரே நாளில் எழுந்திருக்காமல் கேட்டு முடித்தால்தான், இனி வரப்போகிற புத்தர் காலத்தில் பிறக்க முடியும். உன் அம்மா செத்த வருஷத்திலிருந்து ஒரு தடவைகூட நான் பாதியில் எழுந்ததில்லை. எதற்காக என்று உனக்குத் தெரியும். அவளை இன்னொரு தடவை பார்க்க எனக்கு வேறு வழி கிடையாது.

அன்றைக்குக் காலையிலிருந்தே வயல் பக்கம் பொக்லைன் உறுமுகிற சத்தம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அடுத்த வீட்டுப் புன்லாங்கிடம் என்னடி சத்தம் என்று கேட்டேன். எவன் வயலிலோ மண் போகிறது, நீ எழுந்திருக்காதே, புண்ணியம் போய்விடும் என்றாள். என் மேல் அவளுக்கு எப்போது அவ்வளவு அக்கறை வந்தது என்று நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

இளவரசன் தன் இரண்டு பிள்ளைகளையும் பிச்சைக்காரக் கிழவனுக்குக் கொடுத்தனுப்புகிற இடம் வந்தது. பிக்கு குரலை இழுத்துப் படித்தார், எல்லோரும் மூக்கைச் சிந்தினார்கள். அப்போது கோயில் வாசலைத் தாண்டி ஒரு டிப்பர் லாரி போனது. அதில் குவித்திருந்தது கருப்பு மண். இந்த ஊரில் அந்த நிறத்தில் மண் ஒரே இடத்தில்தான் உண்டு. புன்லாங் என் மேல்துண்டைப் பிடித்து இழுத்தாள். துண்டை அவள் கையிலேயே விட்டுவிட்டு எழுந்து வந்தேன்.

நம் வயலில் சோம்னெக் ஒரு குடைக்குக் கீழே உட்கார்ந்து பப்பாளிக்காய் இடித்துத் தின்றுகொண்டிருந்தான். இவன் அப்பன்தான் நம் வாய்க்காலை அடைத்தவன். உன் அம்மா அப்போது என் வயிற்றில் ஐந்து மாசம். நான் மறக்கவில்லை. மகன் இப்போது குட்டிப் பொக்லைன் வாங்கி முதலாளி ஆகிவிட்டான். மேற்கு மூலைப் பள்ளத்தில் ஒரு குட்டை வெட்டியிருந்தான், அந்தக் களிமண்ணை யாரும் வாங்க மாட்டார்கள். அதை அப்படியே கரையில் ஒதுக்கிவிட்டு, மேட்டில் இருந்த நாற்றங்காலை முழங்கால் ஆழத்துக்குச் சுரண்டி லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தான்.

வெயிலில் ஏன் வந்தீர்கள், கோயிலில் சோறு போடவில்லையா என்று கேட்டான். நான் இயந்திரத்தின் கைக்கு முன்னால் போய் நின்றேன். என்னைக் கொன்றுவிட்டு அள்ளு என்றேன். அவனுக்குக் கோபமே வரவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "பெரியாத்தா, பத்திரம் யாரு பேருல இருக்கு? வெட்டுக்கூலி கெடையாது, மண்ணுதான் கூலின்னு பேச்சு. நீங்களே கேட்டுக்குங்க" என்று போனை என் காதில் வைத்தான்.

அதிலிருந்து உன் குரல் வந்தது, நீ முன்னமே அவனுக்குப் பேசி அனுப்பியது.

"எங்க வேணும்னாலும் எடுத்துக்கங்கண்ணே, குட்டைய மட்டும் வெட்டிக் குடுத்துருங்க. அம்மாச்சி பிரசங்கத்துக்குப் போற அன்னிக்கு வந்துருங்க. எந்திரிச்சு வரமாட்டாங்க. அவங்க இருந்தா ஒரு கூடை மண்ணு எடுக்க விடமாட்டாங்க."

இயந்திரத்துக்கு முன்னாலிருந்து விலகி நடந்தேன். வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். அவன் மிச்சத்தையும் அள்ளிக்கொண்டு போனான்.

நீ நல்லதுக்குத்தான் செய்தாய் என்கிறார்கள். அம்மாச்சி தண்ணீர் சுமக்கக் கூடாது, குட்டையில் மீன் விட்டால் திரும்பி வந்து பிழைத்துக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பாய். என்னிடம் கேட்டிருக்கலாம். வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். அதனால்தான் நீ கேட்கவில்லை. பத்திரத்தை உன் பேருக்கு மாற்றியபோது நான் கோணல் கையெழுத்துப் போட்டதைப் பார்த்து நீ சிரித்தாய். அதுவும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

மண் எங்கே போனது என்று கேட்பாய். புன்லாங் வீட்டு முற்றத்துக்கு. மேடு தூக்கி மிளகாய் நட்டிருக்கிறாள், காய்த்தும் விட்டது. போன வாரம் வேலி ஓரமாக நின்று, உன் மண்ணு நல்லா வெளையுதுடி புவாலாய், ஒரு கை பறித்துக்கொண்டு போ என்றாள். மிளகாய் இல்லாமலே சாப்பிட்டுக்கொள்கிறேன்.

நீ விடச் சொன்ன மீன்குஞ்சு செத்து மிதந்துவிட்டது. குட்டைத் தண்ணீரை வாயில் வைக்க முடியவில்லை. நாற்றங்கால் இருந்த இடம் காலையில் வெள்ளையாகக் கிடக்கிறது. நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருக்கும்போது என் அம்மா எங்களைக் கிழக்குப் பொட்டலுக்குக் கூட்டிப் போய் உப்புமண் சுரண்டுவாள். நம் வயலுக்கு அடியிலும் அதேதான், மேலே இருக்கிற கருப்பு மண்தான் அதை அமுக்கி வைத்திருக்கிறது என்று உனக்கு எத்தனை முறை சொல்லியிருப்பேன். அம்மாச்சி கதை என்றாய்.

இன்னும் கொஞ்ச நாளில் மழை இறங்கிவிடும். நாற்று எங்கே விடுவது? விலைக்கு வாங்கு என்பாய். யாரிடம், புன்லாங்கிடமா?

இத்துடன் ஒரு பொட்டலம் அனுப்பியிருக்கிறேன். நாற்றங்காலில் நானே சுரண்டி, கரைத்து, காய்ச்சிய உப்பு. இந்த வருஷம் உன் நிலத்தில் விளைந்தது இதுதான். அங்கே கஞ்சி வைத்தால் ஒரு சிட்டிகை போட்டுக்கொள். வீணாக்காதே.

கூடவே வெள்ளை நூலும் இருக்கிறது. தூரத்தில் அலையும் உன் உயிர் உன் உடம்பிலேயே தங்கட்டும் என்று அதைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு முடிச்சுப் போட்டிருக்கிறேன். இடது கையில் கட்டிக்கொள். மேல்கால் வலி வராமல், பிடித்துத் திருப்பி அனுப்புகிற எந்த அதிகாரி கண்ணிலும் படாமல், நல்ல முதலாளி வாய்த்து நீ சுகமாக இரு. வருவதாக இருந்தால் மழைக்கு முன்னால் வா. பழைய வரப்பைத் தேடாதே, அது இல்லை. லாரி போன வழி இருக்கிறது. நல்ல அகலமாகத்தான் இருக்கிறது.

உன் அம்மாச்சி
புவாலாய்