டர்போவுக்குச் சொட்டுநீர்க் குழாய்

மார்ச் 3, திங்கள்

கமலக்கண்ணன் அண்ணன் காரைக் கொண்டுவந்தார். பழைய டீசல் வண்டி, கொடைக்கானலுக்கு வாடகைக்கு ஓடுவது. எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவிலிருந்து வேஸ்ட்கேட் பெட்டிக்குப் போகும் மெல்லிய ரப்பர் குழாய் வெடித்திருந்தது. காற்றழுத்தம் அளவைத் தொட்டதும் இந்தக் குழாய் வழியாகத்தான் பெட்டிக்குத் தெரியும். பெட்டி உடனே ஒரு சின்னக் கதவைத் திறந்து, புகையை வேறு வழியில் விட்டு டர்போவை அடக்கும்.

புதுக் குழாய் மதுரையிலிருந்து வர இரண்டு நாள் ஆகும். அவருக்கோ மதியமே சவாரி. ஒர்க் ஷாப்புக்குப் பின்னால் தக்காளித் தோட்டத்தில் மிச்சம் கிடந்த சொட்டுநீர்க் குழாயில் ஒரு சாண் வெட்டி மாட்டிவிட்டேன். “வியாழக்கிழமை வந்து மாத்திக்கங்கண்ணே” என்றேன்.

மார்ச் 6, வியாழன்

வந்தார், குழாய் மாற்ற இல்லை. “என்னம்மா பண்ணுன? பெருமாள்மலை ஏத்தத்துல வண்டி பறக்குது” என்றார். டாக்ஸி ஸ்டாண்டு முழுக்கச் சொல்லிவிட்டாராம்.

இரண்டு வருஷமாக என் முகத்தைப் பார்த்தே “மெக்கானிக் எங்கம்மா?” என்று கேட்ட ஊர் இது. இன்று இரண்டு டிரைவர்கள் போன் போட்டு, “ஜீவிதாதான பேசுறது? எங்க வண்டியையும் அதே மாதிரி பண்ணிக் குடு” என்றார்கள். சந்தோஷத்தில் சோறு இறங்கவில்லை.

புதுக் குழாய் மேசை மேல் கிடந்தது. அவரும் கேட்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

மார்ச் 7

ஏன் பறக்கிறது? எனக்குத் தெரியாதா? தெரியும்.

மார்ச் 9, ஞாயிறு

தலைக்குக் குளிக்கும்போதும் அதே நினைப்பு. டர்போ சூட்டில் அந்தக் குழாய் இளகிக் காற்றை ஒழுக விட்டிருக்கும். பெட்டிக்கு அரைகுறை அழுத்தம்தான் போகும். கதவு லேட்டாகத் திறக்கும். அதுவரை எஞ்சினுக்குள் அளவுக்கு மேல் காற்று ஏறுகிறது. அதைத்தான் அவர் பறக்கிறது என்கிறார். நான் செய்தது வேலை இல்லை, கோளாறு. அதற்குப் போய்ப் பாராட்டு வாங்கிக்கொண்டு — சீ.

அழுத்தம் தாங்காமல் ஹெட் கேஸ்கெட் வெடித்து, மலையில் எஞ்சின் நின்றுபோனால்? உள்ளே குடும்பம் குடும்பமா உக்காந்திருப்பாங்களே. சொன்னா பேரு போச்சு. சொல்லாம இருக்கவும் முடியலையே.

மார்ச் 10

போனை எடுத்தேன். வைத்துவிட்டேன்.

மார்ச் 11, செவ்வாய்

அண்ணனை வரச் சொன்னேன். அழுத்தம் காட்டும் கேஜை மாட்டி, அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒட்டன்சத்திரம் ரோட்டில் ஓட்டிக் காட்டினேன். ஒன்று புள்ளி இரண்டில் நிற்க வேண்டிய முள், ஒன்று புள்ளி ஏழுக்குப் போனது. எல்லாவற்றையும் சொன்னேன், என் தப்பு என்பதையும்.

திட்டுவார் என்று நினைத்திருந்தேன். அவர், “தப்பாவே இருக்கட்டும்மா. நல்லாத்தான இழுக்குது? அப்படியே விடு” என்கிறார்.

“முடியாதுண்ணே. நான் வெச்சது, நான்தான் எடுப்பேன்.”

அவர் தடுக்கவில்லை. புதுக் குழாயை மாட்டினேன். மறுபடி ஓட்டிப் பார்த்தோம், முள் ஒன்று புள்ளி இரண்டில் நின்றது. “மாட்டு வண்டியா ஆக்கிட்ட” என்று சொல்லிவிட்டுப் போனார்.

மார்ச் 19, புதன்

வண்டியைக் கெடுத்துவிட்டேன் என்று ஸ்டாண்டில் பேச்சாம். போன் போட்ட இரண்டு பேரும் வரவில்லை. இந்த வாரம் ஆயில் மாற்றக்கூட ஆள் இல்லை. ஒன்றும் சொல்லாமல் சர்வீஸ் சாக்கில் குழாயை மாற்றியிருக்கலாமோ? எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே.

ஏப்ரல் 7, திங்கள்

காலையில் ஒரு வேன் வந்தது. ஓட்டுபவர் ராயப்பராஜ். ஆடலூர் மலையிலிருந்து தினமும் பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கீழே கொண்டுவருகிறவர். டர்போ அழுத்தம் ஒரு நிலையில் நிற்கவில்லையாம். யார் சொல்லி வந்தீங்க என்று கேட்டேன்.

“கமலக்கண்ணன்தான். ‘அங்க மட்டும் போயிராத, எம்புட்டுக் கெஞ்சினாலும் அந்தப் பொண்ணு அளவுக்கு மேல ஒரு புள்ளி ஏத்த விடாது’ன்னு திட்டிக்கிட்டுக் கெடந்தாரு. அதான் நேரா இங்க வந்தேன்.”

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பானெட்டைத் திறக்கச் சொன்னேன்.